கக்கனும் நம்ம கையெழுத்தும்

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன் ஒருவன்)



"ஏதாவது எழுதிக் குடுப்பா, கவிதை மட்டும் வேண்டாம், காதல் கவிதை ஒரு கட்டு வந்து கிடக்கு" என்று மலர்க் குழுவில் சொல்லிவிட்டார்கள். சரி, கட்டுரைதான் என்று முடிவு செய்தேன். "எதைப் பத்தி?" என்று கேட்டார்கள். "ஒரு எம்.எல்.ஏ.வைப் பத்தி" என்றேன். பக்கத்தில் நின்ற மெக்கானிக்கல் நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "அதுல எழுத என்னடா இருக்கு? ஜெயிப்பாரு, பெரிய கார் வாங்குவாரு, நம்ம ஊர்ப் பக்கம் வரமாட்டாரு, அடுத்த எலெக்‌ஷன்ல கும்பிடு போட்டுட்டு வருவாரு. நாலு வரியில முடிஞ்சிருச்சு!"

அவன் மேல் தப்பில்லை. ஹாஸ்டலில் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள், பத்துப் பேரும் இதைத்தான் சொல்வார்கள். நமக்கு எம்.எல்.ஏ. என்றால் வெள்ளை வேட்டி, கல்யாண வீட்டில் மொய், காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ், காலேஜ் சீட்டுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம். அவர் கோட்டைக்குப் போய் அங்கே என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? நானும் கேட்டதில்லை, மூன்றாம் ஆண்டு ட்ரெய்னிங் போகிற வரைக்கும். அந்தக் கதை கடைசியில் வரும். அதற்கு முன்னால் ஒரு பெரிய மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் கக்கன்.

எங்க ஊர்ப் பக்கத்து ஆள்

நான் மேலூர் தாலுகாக்காரன். எங்க ஊரிலிருந்து திருச்சி ரோட்டில் ஏறினால் தும்பைப்பட்டி வரும். அங்கே 1908-ல் பிறந்தவர்தான் பி. கக்கன். அவருக்கு அங்கே மணிமண்டபம் இருக்கிறது, 2001-ல் திறந்தது. 1999-ல் தபால் தலையும் வந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்து "ஏழையாவே செத்துப்போன மந்திரிப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஒரு மனிதனின் இருபத்தோரு வருஷ உழைப்பை இப்படி ஒரே வரியில் மடக்கி வைத்திருக்கிறோம்.

அந்த இருபத்தோரு வருஷக் கணக்கைச் சொல்கிறேன். 1946-ல் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். அதாவது, இந்திய அரசியல் சட்டத்தை எழுதிய சபையில் மேலூர் பக்கத்துக் குக்கிராமத்து மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். 1952-ல் மதுரையிலிருந்து பார்லிமெண்ட். அப்போதெல்லாம் சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர்கள், பொதுவில் ஒருவர், தனித் தொகுதிக்கு ஒருவர். மதுரையும் அப்படித்தான். இடையில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர். 1957-லும் 1962-லும் மதுரை மாவட்டத்திலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1957-லிருந்து 1967 வரை பத்து வருஷம் அமைச்சர். முதலில் பொதுப்பணித் துறை, பிறகு விவசாயம், 1963 அக்டோபரிலிருந்து உள்துறை, அதாவது போலீஸ் இலாகா.

இதையெல்லாம் ஜி.கே. புத்தகம் மாதிரி மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனசில் வாங்கிக்கொண்டால் போதும்.

1939 ஜூலை 8. மதுரை மீனாட்சி அம்மன் கோயில். வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒரு சிறிய கூட்டம் கோயிலுக்குள் நுழைகிறது. அதுவரை கோபுரத்துக்கு வெளியே நின்றே கும்பிட வேண்டும் என்று நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சாதிகளைச் சேர்ந்தவர்கள் அவர்கள். அந்தக் கூட்டத்தில் கக்கனும் ஒருவர். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. அந்த வருஷமே கோயில் நுழைவுக்கு அனுமதி தந்து, நுழைந்தவர்களுக்குப் பாதுகாப்பும் கொடுத்து ராஜாஜி ஆட்சியில் சட்டம் வந்தது. கவனித்தீர்களா? காலடி முதலில், சட்டம் பிறகு. சட்டம் என்றால் கோட்டையில் யாரோ படித்தவர்கள் எழுதி அனுப்புவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பல சட்டங்கள் இப்படி வெளியே யாரோ ஒருத்தர் துணிந்து ஒரு அடி எடுத்து வைத்த பிறகுதான் பிறக்கின்றன.

உள்ளே விடமாட்டோம் என்று சொன்ன அதே சமூகத்துக்குப் பதினெட்டு வருஷம் கழித்து அவர் பொதுப்பணி அமைச்சர். இருபத்து நாலு வருஷம் கழித்து போலீஸ் மந்திரி. அந்தக் காலத்தில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஒருவருக்கு உள்துறை என்பது சும்மா கிடைத்த விஷயமா? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எம்.எல்.ஏ.வுக்கு என்ன வேலை?

கொஞ்சம் பாடம். தூங்கிவிடாதீர்கள், இது பரீட்சைக்கு வராது, ஆனால் வாழ்க்கைக்கு வரும்.

சட்டமன்ற உறுப்பினருக்கு மூன்று வேலை. ஒன்று, சட்டம் போடுவது. இரண்டு, அரசாங்கம் செலவு செய்யும் பணத்துக்கு ஒப்புதல் கொடுப்பது. மூன்று, கேள்வி கேட்பது. சாக்கடை அடைப்பை எடுத்துவிடுவது இந்தப் பட்டியலில் இல்லை. அது பஞ்சாயத்து, நகராட்சி வேலை. ஆனால் நாம் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் சாக்கடையைத்தான் கேட்கிறோம், அவரும் சாக்கடையைத்தான் வாக்குறுதி தருகிறார். சட்டம், பணம், கேள்வி மூன்றும் அப்படியே நிற்கிறது.

சபை கூடியதும் வினா-விடை நேரம். அமைச்சர் எழுந்து பதில் சொல்லியே ஆகவேண்டும். அந்தப் பதில் சபைக் குறிப்பில் ஏறும். "ஆவன செய்யப்படும்" என்று ஒரு அமைச்சர் வாக்குக் கொடுத்தால், அது நடந்ததா இல்லையா என்று பார்க்கவே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. பட்ஜெட்டில் ஒவ்வொரு துறைக்கும் மானியக் கோரிக்கை வரும்போது வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். தணிக்கைத் துறை கண்டுபிடித்த ஓட்டைகளைப் பொதுக் கணக்குக் குழு தோண்டிப் பார்க்கலாம். இவ்வளவு ஆயுதம் கையில் கொடுத்திருக்கிறார்கள். எடுத்து உபயோகிக்கிறாரா என்று நாம்தான் பார்க்க வேண்டும். தொகுதியில் எத்தனை கல்யாணத்துக்கு வந்தார் என்பதை எண்ணத் தெரிந்த நமக்கு, சபையில் எத்தனை கேள்வி கேட்டார் என்பதை எண்ணத் தெரியவில்லையே!

இந்த மூன்றில் பணம் என்கிற வேலைக்கு அணைக்கட்டை விட நல்ல உதாரணம் கிடையாது. சபை பணத்துக்கு ஒப்புதல் கொடுக்கும், அமைச்சர் பொறுப்பேற்பார், எஞ்சினியர் கட்டுவார். கக்கன் பொதுப்பணித் துறையில் இருந்த காலம்தான் தமிழ்நாட்டின் அணைக்கட்டுக் காலம். சாத்தனூர் அணை 1958. வைகை அணை 1959 ஜனவரி. முதலமைச்சர் காமராஜ். ஐந்தாண்டுத் திட்டப் பணம், பல வருஷத்துத் திட்டமிடல், ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் எல்லாம் சேர்ந்ததுதான் அணை. "கக்கன் கட்டிய அணை" என்று சொன்னால் அது மிகை. ஆனால் அந்தத் துறையின் கோப்புகள் அவர் மேஜையைத் தாண்டித்தான் போயின. சிமெண்ட், இரும்பு, மண் வேலை, காண்ட்ராக்ட்... கோடிக்கணக்கில் பணம் ஓடிய துறை. அந்த ஓட்டத்துக்குப் பக்கத்திலேயே ஐந்து வருஷம் உட்கார்ந்திருந்தவர் கை நனையாமல் எழுந்து போனார். சிவில் படிக்கிற நமக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வைகை அணைக்கு நம்ம வகுப்பில் டூர் போனோம். எல்லோரும் பூங்காவில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த 71 அடி என்ற கணக்குதான் மனசில் நின்றது. மதுரைக்காரனுக்கு 71 அடி என்றால் அணை நிறைந்தது என்று அர்த்தம். அங்கிருந்து வருகிற தண்ணீர் பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாயில் ஏறி, கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாய்ந்து, அதற்கப்புறம் எங்கள் மேலூர் பக்கத்து 85,563 ஏக்கர் ஒருபோக நிலத்துக்கு வர வேண்டும். நாங்கள் கடைமடை. அணையில் தண்ணீர் இருந்தால்தான் எங்க வீட்டில் நெல். பள்ளிக்கூடத்தில் பேனா மூடியைத் திருப்பித் தராதவனைக்கூட மன்னித்துவிடுவோம், மடையை மாற்றிக் கட்டியவனை மன்னிக்க மாட்டோம்! அப்படிப்பட்ட ஊர்.

தாத்தா சொன்னது

இவ்வளவும் தெரிந்துகொண்டு ஊருக்குப் போனேன். எங்க தாத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, ஞாபகம் மட்டும் இரும்பு. "தாத்தா, 1967-ல கக்கனுக்குத்தானே ஓட்டுப் போட்டீங்க?" என்று கேட்டேன். ஆமாம் என்பார் என்று நினைத்தேன்.

"இல்லடா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நம்ம ஊர்க்காரரு, நல்லவருன்னு நீங்களே சொல்வீங்களே?"

"நல்ல மனுசந்தான். தங்கமான மனுசன். அவரு வீட்டுக்கு நாம போனா நம்மளை உக்கார வச்சுப் பேசுவாரு. அதுக்கு ஓட்டுப் போட முடியுமாடா? அரிசி இல்ல. ரேசன்ல வரிசையில நின்னு கால் வீங்கிப் போச்சு உங்க அப்பத்தாவுக்கு. அதுக்கு முந்தித்தான் படிக்கிற பயலுகளைச் சுட்டாய்ங்க. போலீசு யாரு கையில இருந்துச்சு? இவரு கையிலதானே இருந்துச்சு? மாத்திப் போட்டேன். ஊரே மாத்திப் போட்டுச்சு."

"வருத்தமா இல்லையா தாத்தா?"

"ஓட்டுல என்னடா வருத்தம்? ஆஸ்பத்திரியில கிடக்காருன்னு கேள்விப்பட்டப்பத்தான் வருத்தம். ரெண்டும் வேற வேற."

ரெண்டும் வேற வேற! நான் ராத்திரி முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

1965-ஐப் பற்றி நாம் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும், ஏனென்றால் அது மாணவர்களின் கதை. அந்த வருஷம் ஜனவரி 26-லிருந்து இந்தி மட்டுமே ஆட்சி மொழி ஆகிவிடும் என்ற நிலை. முதல் நாளே மதுரையில் ஊர்வலம், மோதல். தீ மாநிலம் முழுக்கப் பரவியது. ஜனவரி 27-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அரசாங்கக் கணக்கிலேயே சுமார் 70 பேர் அந்தப் போராட்ட நாட்களில் மாண்டார்கள். முதலமைச்சர் பக்தவத்சலம். போலீஸ் அமைச்சர் கக்கன். பிப்ரவரியில் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். கக்கன் பதவியில் நீடித்தார்.

அவரைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை மெதுவாகப் புரட்டிவிடுகிறார்கள். நான் புரட்டப் போவதில்லை. லஞ்சம் வாங்காதவர் என்பதற்காகச் சுட்ட துப்பாக்கி சுடாததாகிவிடுமா? உத்தரவு யார் கொடுத்தது, சபையில் யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் சரித்திரக்காரர்கள் வேலை. ஆனால் இலாகா அவருடையது. இலாகாவின் நல்லதும் கெட்டதும் அமைச்சர் கணக்கில்தான் ஏறும். லஞ்ச ஒழிப்புக்கு என்று தனித் துறை 1964-ல் உண்டானதும் அவர் உள்துறையில் இருந்த காலத்தில்தான். ஒரே மனிதரின் காலம், இரண்டு பக்கமும் உண்டு.

வைகை அணைக்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. 66 அடி வந்தால் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது. 69 அடியில் மூன்றாவது. அதன் பிறகு உபரித் தண்ணீரைத் திறந்துவிட வேண்டியதுதான். ஆட்சிகளுக்கும் இப்படித்தான். 1965-ல் மாணவர்கள் ஒரு எச்சரிக்கை. அரிசிப் பஞ்சம் இன்னொன்று. "ரூபாய்க்கு மூணு படி" என்று தி.மு.க. மேடை மேடையாகச் சொன்னபோது கூடிய கூட்டம் அடுத்தது. 1967-ல் மதகு திறந்தது. விருதுநகரில் காமராஜரையே பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் தோற்கடித்தார். மேலூர் தெற்கில் கக்கன், தி.மு.க.வின் ஓ.பி. ராமனிடம் தோற்றார். அத்துடன் சட்டமன்ற வாழ்க்கை முடிந்தது.

நேர்மையானவர் தோற்கலாமா என்று சிலர் கேட்பார்கள். தோற்கலாம் நண்பர்களே! தேர்தல் நற்சான்றிதழ் வழங்கும் விழா கிடையாது. ஐந்து வருஷ வேலைக்கு ஜனங்கள் போடும் மதிப்பெண். தாத்தா போட்ட மதிப்பெண் சரியா தப்பா என்று விவாதிக்கலாம். அதைப் போடும் உரிமை அவருக்கு உண்டு. கக்கனும் தோல்வியை ஏற்றுக்கொண்டு, அரசாங்கக் காரை விட்டு இறங்கி நடந்தார்.

பொது வார்டு

அதற்குப் பிறகு நடந்ததுதான் எல்லோருக்கும் தெரிந்த கதை. பத்து வருஷம் அமைச்சராக இருந்தவர் சொத்து என்று எதையும் சேர்த்து வைக்கவில்லை. எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, மதுரை அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சையில் இருந்த மதுரை முத்துவைப் பார்க்க வந்தார். அங்கேயே பொது வார்டில் கக்கனும் படுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பதறிப்போய்ப் பார்த்தார். பிறகு அரசாங்கம் அவருக்கு உதவிகள் அறிவித்தது. 1981 டிசம்பரில் கக்கன் காலமானார்.

இந்தக் கதையைக் கேட்டால் எல்லோருக்கும் கண் கலங்கும். எனக்கும் கலங்கியது. ஆனால் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. பொது வார்டில் என்ன தப்பு? என்னைப் பெற்றெடுத்தது அரசாங்க ஆஸ்பத்திரிப் பொது வார்டில்தான். எங்க அப்பா காலில் அரிவாள் பட்டபோது தையல் போட்டதும் பொது வார்டில்தான். இந்த மலரைப் படிக்கிற பாதிப் பேர் வீட்டிலும் இதே கதைதான். நாம் எல்லோரும் படுக்கிற கட்டிலில் ஒரு முன்னாள் அமைச்சர் படுத்தால் அது அதிசயம் ஆகிவிடுகிறது. அப்படியென்றால் அமைச்சர் என்பவர் நம்மில் ஒருவர் இல்லை என்று நாமே முடிவு கட்டிவிட்டோம் என்றுதானே அர்த்தம்?

அந்தக் கட்டில் எப்படி இருந்தால் போதும் என்று ஆட்சியில் இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். அந்த வார்டுக்கு ஒதுக்கும் பணத்துக்குச் சபையில் கை தூக்கி ஒப்புதல் கொடுப்பவரும் எம்.எல்.ஏ.தான். அவரே ஒருநாள் அதில் படுக்க வேண்டியிருக்கும் என்றால் எவ்வளவு கவனமாகக் கை தூக்குவார்! கக்கன் ஏழையாக இருந்தார் என்பதைவிட, பதவி போனதும் நாம் இருக்கிற இடத்துக்கே திரும்பி வந்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இடையில் பத்து வருஷம் அவர் வேறு உலகத்துக்குப் போய்விடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேர்மையாக இருந்தால் கடைசியில் கஷ்டப்பட வேண்டியதுதான் என்று நம்ம பிள்ளைகளுக்கு இந்தக் கதை பாடம் சொல்லிவிடக் கூடாது. இன்று எம்.எல்.ஏ.க்களுக்கு நல்ல சம்பளம் இருக்கிறது. 2017-ல் மாதம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அப்போது ஊரெல்லாம் திட்டித் தீர்த்தது. எனக்கென்னவோ சம்பளத்தைத் திட்டுவதில் அர்த்தம் இருப்பதாகத் தெரியவில்லை. சம்பளம் கணக்கில் வருகிறது, வரி போகிறது, யாரும் பார்க்கலாம். கணக்கில் வராததைத்தான் கேட்க வேண்டும். அது எங்கே வருகிறது என்பதை நான் கண்ணால் பார்த்த இடம்தான் ட்ரெய்னிங்.

அறுபதும் எண்பதும்

எந்த ஊர், எந்த வருஷம், யார் காண்ட்ராக்டர் என்று சொல்லப் போவதில்லை. ஒரு கிராமத்துத் தெருவுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதியில் பேவர் பிளாக் போடும் வேலை.

இந்த நிதியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு தொகுதிக்கு வருஷத்துக்கு 3 கோடி ரூபாய். 234 தொகுதிக்கும் சேர்த்தால் 702 கோடி. இந்தப் பணத்தை எம்.எல்.ஏ. கையில் கொடுப்பதில்லை. அவர் "இந்த வேலை வேண்டும்" என்று பரிந்துரை செய்யலாம், அவ்வளவுதான். எஸ்டிமேட் போடுவது, அனுமதி கொடுப்பது, டெண்டர் விடுவது, வேலையை அளப்பது, பில் பாஸ் செய்வது எல்லாம் அதிகாரிகள். அந்த வரிசையில் சைட்டுக்கு வந்து குனிந்து டேப் பிடிக்கிற முதல் ஆள் யார் தெரியுமா? ஓவர்சியர். ஜூனியர் எஞ்சினியர். டிப்ளமோ படித்தவர். அதாவது, நாளைக்கு நீங்களும் நானும்!

எஸ்டிமேட்டில் 80 மில்லி கனம் என்று இருந்தது. டிராக்டர் போகிற தெரு, அதனால் 80. லாரியில் வந்து இறங்கிய கல்லை நான் சும்மா அளந்து பார்த்தேன். 60. இன்னொன்றை அளந்தேன். அதுவும் 60. சூப்பர்வைசர் அண்ணனிடம் கேட்டேன்.

"தம்பி, நீ படிக்க வந்தியா, தணிக்கைக்கு வந்தியா?" என்று சிரித்தார். கோபப்படவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மேல குடுக்கணும்ப்பா. குடுத்தது போக மிச்சத்துல 60தான் வரும். எம்-புக்ல 80ன்னு ஏறிடும். எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும் தெரியும் என்ற அந்த வார்த்தையை அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! "மேல" என்றால் யார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அது எதுவரை போகிறது என்பதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது, அதனால் யார் பெயரையும் எழுத மாட்டேன். ஆனால் ஒன்று மட்டும் புரிந்தது. மேலே எத்தனை பேர் இருந்தாலும், 60 என்பது 80 ஆக மாறுவது ஒரே ஒரு இடத்தில்தான். அளவுப் புத்தகத்தில். ஒரு பேனா முனையில். அந்தப் பேனா டிப்ளமோக்காரன் கையில் இருக்கிறது.

என் ட்ரெய்னிங் ரெக்கார்டில் நான் 60 என்றே எழுதினேன். அது யாருக்கும் பில் பாஸ் செய்யாத நோட்டு, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை, வீரமும் இல்லை. சார் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

நாம் என்ன செய்யலாம்?

இப்போது கக்கனை நினைத்துப் பாருங்கள். அமைச்சர் வாங்காதவர். சரி. அவர் வாங்கவில்லை என்பதால் மட்டும் அணை நின்றுவிடுமா? கரையில் மண்ணை இடித்து இறுக்கியவன், கலவையில் சிமெண்டைக் குறைக்காதவன், அளந்ததை அளந்தபடி எழுதியவன்... பெயர் தெரியாத எத்தனையோ பேர் சேர்ந்துதான் அந்த அணை அறுபது வருஷத்துக்கு மேல் நிற்கிறது. அவர்கள் யாருக்கும் மணிமண்டபம் இல்லை. கக்கன் மேலே செய்ததை அவர்கள் கீழே செய்தார்கள். மேலே இருப்பவர் கேட்காமல் இருந்தது அவர்களுக்கு எவ்வளவு பெரிய பலம் என்று நினைத்துப் பாருங்கள். "மேல குடுக்கணும்" என்ற அந்தச் சாக்கே இல்லாத சைட்!

ஒரு நல்ல எம்.எல்.ஏ.வால் செய்ய முடிந்த மிகப் பெரிய உபகாரம் இதுதான் என்று நினைக்கிறேன். கீழே இருக்கிறவன் நேர்மையாக இருக்கிற செலவைக் குறைப்பது. மேலே ஒருவர் கை நீட்டாவிட்டால் ஓவர்சியர் 80-ஐ 80 ஆக வாங்கலாம், வேலை போகாது, மாற்றல் வராது. மேலே கை நீண்டால், அதே ஓவர்சியர் நேர்மையாக இருக்க வீரனாக இருக்க வேண்டியிருக்கிறது. எல்லோரும் வீரர்களாகப் பிறப்பதில்லை நண்பர்களே. குடும்பம் இருக்கிறது, தங்கச்சி கல்யாணம் இருக்கிறது, ஹவுசிங் லோன் இருக்கிறது.

அதனால் இரண்டு வேண்டுகோள்.

ஒன்று, ஓட்டுப் போடுகிற நமக்கு. நம்ம பேரவைத் தேர்தலிலேயே பார்த்தோம், ஜாதி என்ன, எந்த ஹாஸ்டல், எத்தனை பிரியாணி என்பதுதான் பேச்சு. பதினெட்டு வயது முடிந்துவிட்டது, அடுத்தது நிஜத் தேர்தல். அப்போது நிற்பவரிடம் சாக்கடையைக் கேட்பதோடு இதையும் கேட்போம்: "போன தடவை சபையில் என்ன கேள்வி கேட்டீர்கள்? எந்த மானியத்தில் பேசினீர்கள்? நம்ம தெருவுக்குப் பரிந்துரை செய்த வேலையின் எஸ்டிமேட்டைப் பலகையில் எழுதி வைப்பீர்களா?" நல்லவர் என்பதற்காக விட்டுவிடவும் வேண்டாம், கெட்டவர் என்று பொதுவாகத் திட்டவும் வேண்டாம். எங்க தாத்தா மாதிரி இலாகாவைப் பார்த்து மதிப்பெண் போடுவோம். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால் போய்ப் பார்ப்போம். ரெண்டும் வேற வேற.

இரண்டாவது, எம்-புக் எழுதப் போகிற நமக்கு. எல்லோரும் பி.டபிள்யூ.டி.க்கோ யூனியனுக்கோ போகப் போவதில்லை. சிலர் காண்ட்ராக்ட் எடுப்பார்கள், சிலர் துபாய் போவார்கள், சிலர் அரியரைக் கிளியர் செய்துகொண்டே இருப்பார்கள்! ஆனால் போகிற சிலர் கையில் டேப்பும் பேனாவும் இருக்கும். கல் 60 என்றால் 60 என்று எழுதுவது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தனியாளாக எழுதினால் மாற்றல் வரும். ஒரே பேட்ச்சில் படித்த பத்துப் பேர் பத்து யூனியனில் எழுதினால்? பத்துப் பேரையும் எங்கே மாற்றுவார்கள்?

எங்க ஊர் கடைமடைக்கு ஒவ்வொரு வருஷமும் தண்ணீர் வருமா வராதா என்று அப்பா வாய்க்கால் கரையில் போய் நின்று பார்ப்பார். மடை மடையாக நூறு பேர் தாண்டி வர வேண்டிய தண்ணீர் அது. நடுவில் ஒருத்தன் களவாடினாலும் எங்களுக்கு வராது. நேர்மையும் அப்படித்தான் வருகிறது, கோட்டையில் ஒருவர், கலெக்டர் ஆபீசில் ஒருவர், சைட்டில் ஒருவர் என்று. மேலே யார் உட்கார வேண்டும் என்பதை ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கலாம். கடைசி மடையில் நிற்கப் போவது நாம்.

பேனாவை நல்ல மையில் நிரப்பிக்கொள்வோம் நண்பர்களே!